ஸ்டோர் வேற, காம்பரா வேற: சின்ன சர்வர்ல கம்பைல் பண்ணின வெப் ஆப்பை ஓட வைக்கிறது எப்பிடி

போன மழை சீசன்ல ஒரு ராத்திரி தலவாக்கலையில இருந்து பெரியம்மா மகன் கோல் எடுத்தான். அண்ணே சர்வர்ல ஆப் ஏறவே மாட்டேங்குது, என்ன செஞ்சாலும் "கில்ட்" ன்னு ஒரே ஒரு வார்த்தை தான் வருது, வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா ராம் பத்தாது பெரிய பிளான் எடு ன்னு சொல்றாங்க, எடுக்கட்டுமா ன்னு கேட்டான். அவன் செஞ்சது ஒரு சின்ன சைட். ஓஎல் எழுதப் போற பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் எடுக்கவும் டியூஷன் கிளாஸ் மாக்ஸ் பார்க்கவும். கோ லேங்குவேஜ்ல எழுதியிருந்தான், வாடகைக்கு எடுத்த சர்வர்ல, அதாவது எப்பவும் நெட்டோட இணைஞ்சு கிடக்கிற கம்பியூட்டர்ல, இருந்தது 512 எம்பி ராம்.

நான் எடுக்காதடா தம்பி ன்னு சொன்னேன். இந்த மாதிரி சர்வருக்கு மாசம் 5 டொலர்னு வச்சுக்குங்க, டொலர் 300 ரூபா கணக்குல 1,500 ரூபா, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போற ஒரு அம்மாவோட ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். 2022ல 200 ரூபாவா இருந்த டொலர் சில மாசத்திலயே 350ஐத் தாண்டினதை நாம பார்த்தோம், அன்னைக்கு எத்தனையோ பேர் ஆசையா செஞ்சு வச்ச சைட்டை காசு கட்ட ஏலாம நிப்பாட்டினாங்க. அதனால ஒரு பிள்ளை வந்து உதவி கேட்கிறப்ப "பெரிசு எடு" ன்னு சும்மா சொல்லிட்டுப் போறது எனக்கு மனசுக்கு ஒப்பல. அதுவும் அந்தப் பதிலே பிழையா இருக்கிறப்ப.

இந்த விஷயத்தில நம்ம ஆக்கள் ரெண்டு விதமா பேசுறாங்க. ஒரு பக்கம் "கம்பைல் பண்ற லேங்குவேஜ்னா லேசானது, எந்த சர்வர்லயும் ஓடும்" ன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் "512 எம்பியில கோ, ரஸ்ட் மாதிரி கம்பைல் பண்ற லேங்குவேஜ் எல்லாம் ஓடாது, நான் செஞ்சு பார்த்தேன் செத்துப் போச்சு" ன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததைத் தான் சொல்றாங்க, ஆனா ரெண்டு பேரும் பார்த்தது வேற வேற வேலை. ஒருத்தர் பார்த்தது ஆப் ஓடுறதை, மத்தவர் பார்த்தது ஆப் செய்யப்படுறதை. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக் குழப்பம் போயிரும்.

## ராமும் டிஸ்க்கும்

இதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா "என்கிட்ட 10 ஜிபி சர்வர் இருக்கு, ஏன் பத்தல" ன்னு கேட்கிறவங்க நிறையப் பேர். அந்த 10 ஜிபி டிஸ்க்.

தோட்டத்து லயத்துக் காம்பராவை, ஒரு குடும்பம் இருக்கிற ஒரு அறையை, நினைச்சுக்குங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேல பரண் இருக்கு, அதில பெட்டி, பழைய பாத்திரம், விறகு எல்லாம் ஏத்தி வைக்கலாம். கீழ தரை. சமைக்கிறது, படிக்கிறது, துணி மடிக்கிறது, படுக்கிறது எல்லாம் அந்தத் தரையில தான். பரண்ல எவ்வளவு இடம் இருந்தாலும் பரண்ல உட்கார்ந்து சமைக்க ஏலாது. டிஸ்க்ங்கிறது பரண், கரண்ட் போனாலும் சாமான் அப்பிடியே இருக்கும். ராம்ங்கிறது தரை, இப்ப நடக்கிற வேலைக்குத் தேவையான இடம், வேலை முடிஞ்சா அந்த இடத்தை அடுத்தவங்க எடுத்துக்குவாங்க. சின்ன சர்வர்ல குறையுறது பெரும்பாலும் தரை தான்.

512 எம்பி சர்வர்னா அந்தத் தரை முழுசும் உங்களுக்கு இல்ல. சர்வரை நடத்துற ஓஎஸ்ஸான லினக்ஸும் அதோட கூட ஓடுற சின்னச் சின்ன வேலைகளும் சேர்ந்து ஒரு 100ல இருந்து 200 எம்பி வரைக்கும் எடுத்துக்கும். மிச்சம் 300 சொச்சம். இந்த 300ஐ மனசுல வச்சுக்குங்க, இனி எல்லாமே அதைச் சுத்தித் தான் வரும்.

## கம்பைல்னா கொழுந்து தூளாகிற வேலை

நாம எழுதுற கோட் மனுசர் வாசிக்கிற எழுத்து. மெஷினோட மூளையான சிபியுவுக்கு அது விளங்காது, அதுக்கு விளங்கிறது வேற மாதிரிக் கட்டளைகள். எழுத்தை எடுத்து அந்தக் கட்டளைகளா மாத்திக் குடுக்கிற ப்ரோகிராமுக்குப் பேர் கம்பைலர், அது கடைசியா வெளிய தள்ளுற ஃபைலுக்குப் பேர் பைனரி. ஆப்பை சர்வர்ல கொண்டு போய் வச்சு நாலு பேர் பாவிக்கிற மாதிரி செய்றதை டிப்லாய் ன்னு சொல்றோம்.

நம்ம ஊர்ல இதை விளக்க வெளிய எங்கயும் போக வேண்டியதில்ல. மலையில எடுத்த கொழுந்தை யாரும் அப்பிடியே கேத்தல்ல போட்டுக் குடிக்கிறதில்ல. ஸ்டோருக்கு, அதாவது தேயிலை செய்ற ஃபேக்டரிக்குப் போகுது, மேல் மாடியில பரப்பி மணிக்கணக்கா வாட்டுறாங்க, ரோலர்ல உருட்டுறாங்க, புளிக்க விடுறாங்க, ட்ரையர்ல காய வைக்கிறாங்க, சலிச்சு பிஓபி, டஸ்ட் ன்னு தரம் பிரிக்கிறாங்க. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போகுது. அவ்வளவு பெரிய கட்டடம், அவ்வளவு மிசின், அவ்வளவு ஆக்கள். ஆனா கடைசியில லயத்துக்கு வர்றது ஒரு சின்னப் பக்கெட். தேத்தண்ணி ஊத்த ஒரு அடுப்பும் ஒரு கேத்தலும் போதும்.

கம்பைலர் தான் ஸ்டோர். பைனரி தான் அந்தப் பக்கெட். சர்வர் தான் காம்பரா.

கம்பைலருக்கு ஏன் அவ்வளவு இடம் வேணும்? ஏன்னா அது நீங்க எழுதின 500 வரியை மட்டும் பார்க்கிறதில்ல. நீங்க பாவிக்கிற ஒவ்வொரு லைப்ரரியோட, அதாவது மத்தவங்க ஏற்கனவே எழுதி வச்ச தொகுப்போட, கோடையும், அந்த லைப்ரரி பாவிக்கிற லைப்ரரிகளையும் எடுத்து, எந்த ஃபங்ஷன் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுது, எது எந்த டைப் ன்னு ஒரு பெரிய வரைபடமா ராமுக்குள்ள விரிச்சு வச்சு, வேகமா ஓடுறதுக்கு எங்க சுருக்கலாம் ன்னு தேடி, ஒரே நேரத்தில பல துண்டுகளைச் செஞ்சு, கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டுது. ரஸ்ட்ல ஒரு நடுத்தர வெப் ஆப்பை கம்பைல் பண்ண 1 ஜிபி, 2 ஜிபி போறது சாதாரணம். கோ அவ்வளவு எடுக்காது, ஆனா டேட்டாபேஸ் லைப்ரரி மாதிரி பெரிசு ஏதாச்சும் உள்ள இருந்தா அதுவும் பல நூறு எம்பி கேட்கும். அதே ஆப் கம்பைல் ஆகி முடிஞ்சு சும்மா ஓடுறப்ப? தம்பியோட சைட்டைப் பார்த்தோம், 20 எம்பி கூட எடுக்கல. அதுக்குத் தான் அவன் பெரிய பிளான் எடுக்கப் போனான்.

1867ல லூல்கந்துரைத் தோட்டத்தில, இலங்கையில தேயிலையைத் தொழிலா ஆரம்பிச்ச ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போட்டப்ப ஸ்டோர் ன்னு ஒண்ணு கிடையாது, பங்களா வராந்தாவில மேசை போட்டு கையால உருட்டித் தான் தூள் செஞ்சாங்க. அளவு கூடினதும் 1872ல தனி ஸ்டோர் வந்துச்சு. சர்வர்லயும் அப்பிடித் தான். ரொம்பச் சின்ன ப்ரோகிராமை சர்வர்லயே கம்பைல் பண்ணினா ஓடியிரும், அதை நம்பிப் பழகிட்டு நாளைக்கு நாலு லைப்ரரி சேர்க்கிறப்ப தான் திடீர்னு நின்னு போகும். நேத்து வரைக்கும் வேலை செஞ்சுதே ன்னு தலையைப் பிய்ச்சுக்கிறவங்களுக்கு நடக்கிறது இது தான்.

இதுவரைக்கும் சொன்னது: சர்வர்ல குறைவா இருக்கிறது ராம். கம்பைல் பண்ணத் தான் ராம் நிறைய வேணும், ஓட்டுறதுக்கு இல்ல. பிஎச்பி, பைத்தன் மாதிரி லேங்குவேஜ்ல எழுதினா வாசிச்சு வாசிச்சு ஓட்டுற ஒரு ஆள் சர்வர்லயே எப்பவும் இருக்கணும், கம்பைல் பண்ணின ஆப்புக்கு அந்த ஆள் தேவையில்ல, பைனரி போதும். ஜாவா நடுவில, அதுக்கு கம்பைலர் தேவையில்லாட்டியும் அதை ஓட்டுற ஜேவிஎம் ன்னு ஒரு ப்ரோகிராம் சர்வர்ல வேணும், அதைப் பத்தி இங்க பேசல.

## "கில்ட்" ன்னா யார் கொன்னது

தம்பி முதல்ல நினைச்சது கோட்ல பிழை ன்னு. ரெண்டு நாள் கோடையே மாத்தி மாத்திப் பார்த்திருக்கான், பாவம். பிழை கோட்ல இல்ல.

லினக்ஸோட நடுவில இருந்து ராமையும் சிபியுவையும் பங்கு போட்டுக் குடுக்கிற பகுதிக்குப் பேர் கர்னல். ஓடிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு ப்ரோகிராமையும் ப்ராசஸ் ன்னு சொல்லுவாங்க. ப்ராசஸ் இடம் கேட்கிறப்ப கர்னல் பொதுவா இல்ல ன்னு சொல்லாது, எல்லாரும் கேட்டதை முழுசா பாவிக்க மாட்டாங்க ன்னு நம்பி தலையாட்டும். எல்லாரும் உண்மையாவே பாவிக்க வந்தா தரையில இடம் இல்லாமப் போயிரும். அப்ப முழு சர்வரும் உறைஞ்சு போறதை விட ஒருத்தரை வெளிய அனுப்பலாம் ன்னு கர்னல் முடிவெடுக்கும். அந்த வேலையைச் செய்றதுக்குப் பேர் ஊம் கில்லர், ஊம் ங்கிறது "அவுட் ஆஃப் மெமரி", ராம் தீர்ந்து போச்சு ங்கிறதோட சுருக்கம். யார் ரொம்ப இடம் பிடிச்சிருக்காங்களோ பெரும்பாலும் அவங்க தான் போவாங்க. சொல்லாம கொள்ளாம 9ஆம் நம்பர் சிக்னலை அனுப்பி உடனே நிப்பாட்டிரும், அதனால தான் ஒரு விளக்கமும் இல்லாம "கில்ட்" ன்னு மட்டும் வருது. சில இடத்தில 137 ன்னு ஒரு நம்பர் வரும், அது 128ஓட இந்த 9ஐக் கூட்டினது. 137ஐக் கண்டா முதல்ல ராமைப் பாருங்க.

இதில ஒரு அநியாயம் இருக்கு. இடம் பிடிச்சதால செத்தவர் தான் குற்றவாளி ன்னு இல்ல. சர்வர்ல ஏற்கனவே ஒரு டேட்டாபேஸ் கொஞ்சம் பெரிசா ஓடிக்கிட்டு இருந்து, நீங்க பக்கத்தில கம்பைல் பண்ண ஆரம்பிச்சா, கம்பைலருக்குப் பதிலா டேட்டாபேஸ் போகலாம். அப்ப கம்பைல் நல்லா முடிஞ்சிருக்கும், சைட் செத்திருக்கும், நீங்க புது கோட் தான் சைட்டைக் கெடுத்துச்சு ன்னு நினைப்பீங்க. dmesg ன்னு ஒரு கமாண்ட் இருக்கு, கர்னல் எழுதி வைக்கிற குறிப்பை அது காட்டும், "அவுட் ஆஃப் மெமரி" ன்னு ஆரம்பிக்கிற வரியில யாரை நிப்பாட்டிச்சு ன்னு பேரோட இருக்கும்.

இன்னொரு குழப்பம், ராமைக் காட்டுற ஃப்ரீ ங்கிற கமாண்டைப் போட்டுப் பார்த்து "ஃப்ரீ 20 எம்பி தான் இருக்கு" ன்னு பயப்படுறது. சும்மா கிடக்கிற ராமை லினக்ஸ் வீணா விடாது, டிஸ்க்ல அடிக்கடி வாசிக்கிற ஃபைலை அதில வச்சுக்கும், யாராச்சும் இடம் கேட்டா உடனே எடுத்துக் குடுத்திரும். நீங்க பார்க்க வேண்டியது ஃப்ரீ ங்கிற நிரலை இல்ல, அவைலபிள் ங்கிற நிரலை.

## அப்ப எங்க கம்பைல் பண்றது

உங்க லெப்டொப்ல. அவ்வளவு தான். 4 ஜிபி பழைய லெப்டொப்பா இருந்தாலும் அந்த 512 எம்பி சர்வரை விட எட்டு மடங்கு தரை அதில இருக்கு. சர்வர்ல கோவோ ரஸ்ட்டோ இன்ஸ்டால் பண்ணவே தேவையில்ல, கோட் கூட அங்க போக வேண்டியதில்ல. பைனரி போனா போதும்.

லெப்டொப்பே திணறினா, இல்ல ஒண்ணுமே இல்லாம போன்ல இருந்து வேலை செய்றவங்களா இருந்தா, கிட்ஹப் ஆக்ஷன்ஸ் மாதிரி ஒரு சேவையை வச்சு அவங்க மெஷின்ல கம்பைல் பண்ண வைக்கலாம். கோட் எல்லாருக்கும் தெரியிற மாதிரி பப்ளிக்கா இருந்தா அதோட சாதாரண மெஷின்களுக்குக் காசு கிடையாது. நம்ம பக்கம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம், லெப்டொப் இல்ல ன்னு ஒரு பிள்ளையும் பின்னுக்கு நிக்க வேண்டியதில்ல.

டொக்கர், அதாவது ஆப்பை அதுக்கு வேண்டியதோட ஒரே பொதியா (இமேஜ் ன்னு சொல்லுவாங்க) கட்டுற கருவி, பாவிக்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும். இமேஜை சர்வர்லயே பில்ட் பண்ணினா அதுவும் இதே பிழை தான், ரோலரைக் காம்பராவுக்குள்ள கொண்டு வந்த மாதிரி. வெளிய பில்ட் பண்ணி இழுத்துக்குங்க.

## வேற மெஷின்ல செஞ்சது இங்க ஓடுமா

இங்க தான் அடுத்ததா தடுக்கி விழுறாங்க. தம்பி தன்னோட விண்டோஸ் லெப்டொப்ல கம்பைல் பண்ணி, அந்த ஃபைலை அப்பிடியே சர்வருக்கு அனுப்பி, "எக்ஸெக் ஃபார்மட் எரர்" ன்னு வருதே ன்னு திரும்ப கோல் எடுத்தான்.

கந்தோர்ல இருந்து லயத்துக்குச் சிங்களத்தில மட்டும் கடிதம் வரும். கடிதத்தில ஒரு பிழையும் இருக்காது, சீல் இருக்கும், கையெழுத்து இருக்கும், எல்லாம் முழுசா இருக்கும். ஆனா நம்ம அம்மா அப்பாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, யாராச்சும் வாசிச்சுக் காட்டுற வரைக்கும் அது வெறும் பேப்பர். பைனரியும் ஒரு குறிப்பிட்ட மெஷினுக்கு எழுதின கடிதம். ரெண்டு விஷயம் பொருந்தணும். ஒண்ணு ஓஎஸ், விண்டோஸுக்குச் செஞ்சது லினக்ஸ்ல ஓடாது. ரெண்டு சிபியு வகை, இன்டெல், ஏஎம்டி ரெண்டும் ஒரு குடும்பம், ஆர்ம் வேற குடும்பம். விலை குறைஞ்ச சர்வர்கள்ல ஆர்ம் இப்ப நிறைய வருது, ராஸ்பெரி பை ங்கிற சின்ன கம்பியூட்டரும் ஆர்ம் தான், அதனால வாங்கிறப்பவே என்ன சிபியு ன்னு பார்த்து எழுதி வச்சுக்குங்க.

இதுக்காக லெப்டொப்பை மாத்த வேண்டியதில்ல. ஒரு மெஷின்ல இருந்துக்கிட்டு இன்னொரு மெஷினுக்குக் கம்பைல் பண்றதுக்குப் பேர் க்ராஸ் கம்பைல். கோவுல இது ரொம்ப லேசு, எந்த ஓஎஸ், எந்த சிபியு ன்னு ரெண்டு வேரியபிளை செட் பண்ணிட்டு வழமை போல பில்ட் பண்ணினா முடிஞ்சுது. ரஸ்ட்ல டார்கெட் ஒண்ணைச் சேர்க்கணும், லிங்கர் ன்னு ஒரு துணைக்கருவியும் தேவைப்படும், கொஞ்சம் மெனக்கெடணும்.

மூணாவதா ஒண்ணு மறைஞ்சு நிக்கும். லினக்ஸ்லயே செஞ்சு லினக்ஸுக்கே அனுப்பியும், "ஜிலிப்சி 2.34 கிடைக்கல" ங்கிற மாதிரி ஒரு எரர் வரலாம். ஜிலிப்சி ங்கிறது லினக்ஸ்ல ஏறக்குறைய எல்லா ப்ரோகிராமும் பொதுவா பாவிக்கிற ஒரு அடிப்படை லைப்ரரி, அது பைனரிக்குள்ள இருக்காது, சர்வர்ல இருக்கிறதைக் கடன் வாங்கி ஓடும். உபுண்டு 20.04ல அது 2.31, 22.04ல 2.35, 24.04ல 2.39. புது உபுண்டுல செஞ்சதைப் பழைய உபுண்டுல ஓட்டப் போனா இடிக்கும், பழசுல செஞ்சது புதுசுல ஓடும். இதில இருந்து தப்ப, சர்வர்ல இருக்கிற அதே வெர்ஷன்ல கம்பைல் பண்ணலாம். இல்லாட்டி எல்லாத்தையும் பைனரிக்குள்ளயே அடைச்சிரலாம், அதுக்குப் பேர் ஸ்டேட்டிக் லிங்க்கிங். கோவுல சி கோட் கலக்காத லைப்ரரிகளை மட்டும் பாவிச்சு சி கோடைச் சேர்க்கிற சிகோ ங்கிற வசதியை நிப்பாட்டினா அது தானா நடக்கும், ரஸ்ட்ல மசல் ங்கிற டார்கெட்டைப் பாவிப்பாங்க. நான் எப்பவும் இந்த ரெண்டாவது வழியைத் தான் சொல்லிக் குடுக்கிறேன். ஃபைல் சில எம்பி கூடும், ஆனா சர்வர் எந்த வெர்ஷன்ல இருக்கு ன்னு ராத்திரி முழிச்சு யோசிக்க வேண்டியதில்ல.

சுருக்கமா, கம்பைல் பண்றது வெளிய, ஆனா சர்வரோட ஓஎஸ்ஸுக்கும் சிபியுவுக்கும் பொருந்துற மாதிரி, முடிஞ்சா எல்லாத்தையும் உள்ள அடைச்சு.

## மலைக்குப் பின்னால இருந்து அனுப்புறது

பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் சில லயங்கள்ல சிக்னல் ஒரு கோடு தான். மழை பெஞ்சா அதுவும் போயிரும். கோவுல செஞ்ச ஒரு சின்ன ஆப் 10, 15 எம்பி இருக்கும், பில்ட் பண்றப்ப பிழை தேட உதவுற டீபக் தகவல்களை எடுத்திட்டா இன்னும் குறையும். இதைப் போன் ஹொட்ஸ்பொட்ல அனுப்பியிரலாம். நூத்துக்கணக்கான எம்பி இருக்கிற டொக்கர் இமேஜை ஒவ்வொரு தடவையும் ஏத்துறவங்களுக்கு டேட்டா காட் எப்பிடிக் கரையும் ன்னு நான் சொல்லத் தேவையில்ல.

அனுப்புறதுக்கு எஸ்சிபி ன்னு ஒரு கமாண்ட் எல்லாரும் சொல்லுவாங்க, நல்லது தான், ஆனா பாதியில சிக்னல் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நான் ஆர்சிங்க் பாவிக்கிறேன். விட்ட இடத்தில இருந்து தொடர வைக்க அதில வழி இருக்கு, சர்வர்ல இருக்கிற பழைய ஃபைலோட ஒப்பிடச் சொன்னா வித்தியாசத்தை மட்டும் அனுப்பப் பார்க்கும். விண்டோஸ்ல அதை டபிள்யூஎஸ்எல், அதாவது விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஓட்டுற வசதிக்குள்ள இருந்து ஓட்டலாம்.

ஒரு முக்கியமான விஷயம், ஓடிக்கிட்டு இருக்கிற பைனரிக்கு மேலயே புதுசை எழுதப் போகாதீங்க. லினக்ஸ் பெரும்பாலும் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" ன்னு சொல்லி விடாது. புதுசை வேற பேர்ல, தேதி போட்டு, பழசுக்குப் பக்கத்தில வையுங்க. அதுக்குப் பிறகு "இப்ப ஓட வேண்டியது இது" ன்னு கை காட்டுற ஒரு குறுக்குவழிப் பேர், சிம்லிங்க் ன்னு சொல்லுவாங்க, அதை புதுசுக்குத் திருப்பிட்டு ஆப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க. புதுசு சரியில்ல ன்னா சிம்லிங்க்கைப் பழசுக்குத் திருப்பி இன்னொரு ரீஸ்டார்ட், அரை நிமிஷ வேலை. ஓஎல் நெருங்கிற நேரத்தில முன்னூறு பிள்ளைகள் பேப்பர் எடுக்க வர்ற சைட்டை நட்ட நடு ராத்திரி கோட் திருத்தித் தான் எழுப்பணும் ங்கிற நிலைமைக்கு ஒருத்தரும் போகக்கூடாது.

## லெப்டொப்பை மூடினா சைட் போயிருதே

முதல் தடவை செய்ற எல்லாரும் எஸ்எஸ்எச், அதாவது தூரத்தில இருந்து சர்வரை இயக்குற வழியால உள்ள போய், பைனரியைக் கையால ஓட விட்டு, ப்ரௌசர்ல சைட் வர்றதைப் பார்த்துச் சந்தோசப்படுவாங்க. லெப்டொப்பை மூடினதும் சைட் போயிரும். எஸ்எஸ்எச் தொடர்பு அறுந்தா அதுக்குள்ள ஆரம்பிச்ச ப்ராசஸுக்கும் வீட்டுக்குப் போகச் சொல்லி சிக்னல் போகும், அதான் காரணம்.

நாம போன பிறகும் ஸ்டோர் வாச்சர் இருக்கிற மாதிரி, சர்வர்ல எப்பவும் முழிச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட ஆப்பை ஒப்படைக்கணும். இப்ப இருக்கிற பெரும்பாலான லினக்ஸ்ல அந்த ஆள் சிஸ்டம்டி, அது ஏற்கனவே ஓடிக்கிட்டு தான் இருக்கு, புதுசா ராம் கேட்காது. பத்துப் பதினைஞ்சு வரியில ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதிக் குடுத்தா போதும். எந்த பைனரியை ஓட்டணும், எந்த யூசர் பேர்ல ஓட்டணும், விழுந்தா திரும்ப எழுப்பணும், சர்வர் ரீபூட் ஆனா தானா ஆரம்பிக்கணும், இவ்வளவு தான் அதில இருக்கும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர்ல ஓட்டாதீங்க, ஆப்ல ஒரு ஓட்டை இருந்தா முழு சர்வரோட சாவியும் போயிரும், அதுக்கு ன்னு ஒரு தனி யூசரை உண்டாக்குங்க.

அதே ஃபைல்ல மெமரி மேக்ஸ் ன்னு ஒரு வரி சேர்க்கலாம். இந்த ஆப் 200 எம்பியைத் தாண்டக்கூடாது ன்னு எழுதினா, ஆப்ல ஏதாச்சும் கசிவு (எடுத்த ராமைத் திருப்பிக் குடுக்காத பிழை) வந்து ராமைத் தின்ன ஆரம்பிச்சாலும் அது மட்டும் விழுந்து எழும்பும், பக்கத்தில இருக்கிற டேட்டாபேஸுக்கும் உங்க எஸ்எஸ்எச்சுக்கும் ஒண்ணும் ஆகாது. சின்ன சர்வர்ல இந்த ஒரு வரி தர்ற நிம்மதி பெரிசு. கோ பாவிக்கிறவங்களுக்கு 2022ல வந்த 1.19 வெர்ஷன்ல இருந்து கோவுக்குள்ளயே ஒரு மெமரி லிமிட் வேரியபிள் இருக்கு, அதை இந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழ வச்சா எல்லையைத் தொடுறதுக்கு முன்னயே அது தன்னைத் தானே துப்புரவு பண்ணிக்கும்.

## வாசல்ல ஒருத்தர்

வெளிய இருந்து வர்ற கோரிக்கைகள் சர்வருக்குள்ள எந்தக் கதவால வரணும் ன்னு சொல்ற நம்பருக்குப் பேர் போர்ட். பூட்டுப் படம் போட்ட சைட்டெல்லாம் 443ல வருது. 1024க்குக் கீழ உள்ள போர்ட்டை வழமையா ரூட் தான் திறக்கலாம், நாம ஆப்பை ரூட்ல ஓட்ட மாட்டோம். அதனால ஆப்பை உள்ளுக்குள்ள 8080 மாதிரி ஒரு போர்ட்ல, சர்வருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வச்சிட்டு, வாசல்ல என்ஜின்எக்ஸ் இல்ல கேடி மாதிரி ஒரு ஆளை நிப்பாட்டுறோம். வர்றவங்களை வாங்கி உள்ள அனுப்பி, பதிலை வாங்கி வெளிய குடுக்கிற இந்த வேலைக்குப் பேர் ரிவர்ஸ் ப்ராக்ஸி. பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக் குடுக்குது, கொஞ்ச காலத்துக்குத் தான் செல்லும், கேடி அதைத் தானாவே வாங்கித் தானாவே புதுப்பிக்கும், என்ஜின்எக்ஸுக்கு செர்ட்பொட் ன்னு ஒண்ணைச் சேர்க்கணும். ரெண்டுமே சின்ன சர்வருக்குத் தாங்கும். பேப்பர் பிடிஎஃப், படம் மாதிரி மாறாத ஃபைலை வாசல்ல இருக்கிற ஆளே குடுத்தனுப்பட்டும், ஆப்பை அதுக்காக எழுப்ப வேண்டாம்.

## டேட்டாபேஸும் ஸ்வாப்பும்

300 எம்பி மிச்சத்தில ஆப் 20, வாசல்காரர் ஒரு 20, 40 எடுத்தா இன்னும் நிறைய இருக்கு ன்னு தெரியும். அதை உண்மையாத் தின்னுறது டேட்டாபேஸ். போஸ்ட்கிரேஸ் தன்னோட பொது இடத்துக்கு மட்டும் 128 எம்பியை டீஃபோல்ட்டா வச்சிருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனியா எடுக்கும். ஒரே சர்வர், ஒரே ஆப், எழுதுறது குறைவு வாசிக்கிறது கூட ன்னா எஸ்க்யூலைட் போதும், அது தனி ப்ராசஸே இல்ல, ஆப்புக்குள்ளயே இருக்கிற ஒரு லைப்ரரி, டேட்டா ஒரே ஃபைல்ல. "எஸ்க்யூலைட் விளையாட்டுக்கு" ன்னு சொல்றவங்க சொல்லட்டும், டியூஷன் கிளாஸ் மாக்ஸுக்கு அது தாராளம்.

ஸ்வாப் ன்னா, தரை நிறைஞ்சா இப்ப தேவைப்படாத சாமானைப் பரண்ல ஏத்தி வைக்கிறது, அதாவது டிஸ்க்ல ஒரு பகுதியை ராமுக்குத் துணையா வைக்கிறது. 512 எம்பி சர்வர்ல 1 ஜிபி ஸ்வாப் ஃபைல் போடுங்க ன்னு நானும் சொல்லுவேன், திடீர்னு ஒரு அப்டேட் ஓடுறப்ப அது உயிரைக் காப்பாத்தும். ஆனா "ஸ்வாப் போட்டா 1.5 ஜிபி சர்வர் ஆச்சு" ன்னு சொல்றது பிழை. டிஸ்க் ராமை விட பல மடங்கு மெதுவு. தினமும் வேணுங்கிற சட்டியைப் பரண்ல வச்சா சமைக்கிற ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி இறங்கணும், சமையல் நடக்கும், ஆனா பிள்ளை பசியில தூங்கிரும். ஸ்வாப் போட்டுட்டு சர்வர்லயே ரஸ்ட் கம்பைல் பண்றவங்க இருக்காங்க, மணிக்கணக்கா இழுக்கும், அது முடியிற வரைக்கும் சைட்டுக்கு வர்றவங்க காத்துக்கிட்டு நிப்பாங்க.

## எப்ப தான் பெரிசு எடுக்கிறது

தம்பி கடைசியில செஞ்சது, எஸ்க்யூலைட் லைப்ரரியை சி கோட் இல்லாத ஒண்ணுக்கு மாத்தி, லெப்டொப்ல லினக்ஸுக்குக் கம்பைல் பண்ணி, 14 எம்பி ஃபைல் ஒண்ணை அனுப்பி, சர்வீஸ் ஃபைல் எழுதி, கேடியை வாசல்ல வச்சது. ஒரே சாயங்காலத்தில முடிஞ்சுது. ரெண்டு நாள் தூக்கம் கெட்டதெல்லாம் கம்பைலரைக் காம்பராவுக்குள்ள வச்சதால வந்தது.

பெரிசு எடுக்கவே வேண்டாம் ன்னு நான் சொல்ல வரல. எடுக்கணும் ன்னா அளந்து பார்த்து எடுங்க. சைட்டுக்கு ஆக்கள் ரொம்ப வர்ற நேரத்தில, பேப்பர் போட்ட அன்னைக்கு ராத்திரி ஏழு எட்டு மணிக்கு, உள்ள போய் அவைலபிள் எவ்வளவு ன்னு பாருங்க, ஸ்வாப் எவ்வளவு பாவிச்சிருக்கு ன்னு பாருங்க, அதை ஒரு கொப்பியில எழுதி வையுங்க. ஒரு மாசம் எழுதினா நிலவரம் தெரியும். அவைலபிள் 100 எம்பிக்கு மேலயே நிக்குது, ஸ்வாப் அசையல ன்னா அந்தக் காசை வீட்டுக்குக் குடுங்க. அவைலபிள் 50க்குக் கீழ போய் ஸ்வாப் ஒவ்வொரு நாளும் ஏறிக்கிட்டே இருக்குன்னா, முதல்ல எந்த ப்ராசஸ் வளருது ன்னு டொப் கமாண்ட்ல பாருங்க, அது கசிவா இருந்தா 2 ஜிபி எடுத்தாலும் ரெண்டு வாரத்தில அதையும் தின்னிரும். கசிவு இல்ல, உண்மையாவே பிள்ளைகள் கூடிட்டாங்க ன்னா, அன்னைக்கு 1 ஜிபி பிளானுக்கு மாறுங்க. பைனரியும் சர்வீஸ் ஃபைலும் அங்கயும் அப்பிடியே ஓடும்.